சக்கர நாற்காலியில் ஒரு கடற்பயணம்

திருவான்மியூரில் வாழும் நமக்குக் கடல் அண்டை வீட்டாரைப் போன்றது. கிழக்கே சிறிது தூரம் நடந்தால் மணலும் அலையும் வந்துவிடும். ஆனால் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அந்த மணலே எல்லைக்கோடு. அவள் சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருகிறாள். மணலில் சக்கரம் புதைந்துவிடும். மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை ஒன்று திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பிறகு செப்பனிட்டார்கள். அந்தப் பாதையின் கோடியில்தான் அவள் முதன்முதலாக அலையை அருகில் கண்டாளாம்.

இப்போது அவள் வீட்டார் கப்பலில் உல்லாசப் பயணம் போக எண்ணுகிறார்கள். "இவள் எப்படி வருவாள்?" என்று உறவினர் கேட்கிறார்கள். "தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்று ஒரு மாமா அன்புடன்தான் சொன்னார். மூட்டையைப் போலத் தூக்கப்படுவதைப் பதினைந்து வயதுப் பெண் யார்தான் விரும்புவாள்? ஆகவே நாங்கள் நால்வர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் 'ரஜூலா', 'சிதம்பரம்' என்னும் கப்பல்கள் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. அவை பெரும்பாலும் பிழைப்புக்கான பயணங்கள். 2022 ஜூன் மாதத்தில் 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் நம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 1990இல் பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்ட அக்கப்பலின் நீளம் 211 மீட்டர். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல் நான்கைப் படுக்க வைத்தால் அந்த நீளம் வரும். இத்தனை பெரிய கப்பலில் சக்கர நாற்காலியைத் தடுப்பது எது? சில அங்குலங்கள்தாம்!

கப்பற்கதவுகளுக்கு நம் பழைய வீடுகளைப் போல் நிலைப்படி உண்டு. அலைநீர் உள்ளே புகாமல் காப்பதற்காக, வெளித்தளத்துக்குத் திறக்கும் பல கதவுகளுக்குக் குறைந்தது 38 சென்டிமீட்டர் நிலைப்படி வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை கூறுகிறது. பல கப்பல்களில் குளியலறைக்கும் சிறு படி இருக்கும். கால் உள்ளவர் கவனிக்காமலே தாண்டிவிடுவார்; சக்கரம் தாண்டாது. அடுத்தது கதவின் அகலம். எங்கள் தோழியின் நாற்காலியை அளந்தோம்: 64 சென்டிமீட்டர். சாதாரண அறைகளின் கதவு அதைவிடக் குறுகலாக இருப்பதுண்டு. ஆகவே பயணச்சீட்டு வாங்குமுன், "வசதி உண்டா?" என்று கேட்கக் கூடாது. அதற்கு எல்லோரும் "உண்டு" என்றே சொல்வார்கள்! "கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? படியின் உயரம் எவ்வளவு? படிமீது வைக்கச் சாய்பலகை தருவீர்களா?" என்று கேட்க வேண்டும். டேப் வைத்து அளந்து சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

எந்த அறை வேண்டும் என்பதற்குப் பௌதிகம் விடை சொல்கிறது. ஏற்றப்பலகையில் இரு முனைகளும் மேலும் கீழும் ஆட, நடுவில் இருப்பவர் அதிகம் ஆடுவதில்லை அல்லவா? கப்பலும் அப்படியே. நீளவாட்டில் நடுவிலும், கீழ்த்தளத்திலும் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. அது லிப்டுக்கு அருகிலும் இருந்தால் மிக வசதி. வங்கக் கடல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலுக்குப் பேர்போனது. ஜனவரிக்குப் பின் சாந்தமாகும்.

கப்பலில் ஏறும் பாலத்தின் சரிவு கடல்மட்டத்தோடு மாறும். சென்னையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரை எட்டும். இந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் கப்பல் துறையோரம் அணையாமல், நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சிச் சிறு படகில் ஆட்களை இறக்கும் ஊர்களும் உண்டு. அங்கே சக்கர நாற்காலிக்காரர் பெரும்பாலும் கப்பலிலேயே தங்க நேரும். எந்தெந்த ஊரில் அப்படி என்று முன்பே கேட்டு அறிவது அவசியம்.

சில குடும்பத்தார், "உடல்நிலையைச் சொன்னால் சீட்டு தரமாட்டார்களோ" என்று அஞ்சி மறைக்கிறார்கள். இது ஆபத்து. தீப்பிடித்தால் லிப்டை நம்ப முடியாது. படிகளில் இறக்கத் தனி நாற்காலியும் ஆட்களும் வேண்டும். உதவி தேவை என்று தெரிவித்தவர்களின் விவரத்தைக் குறித்து, புறப்படுமுன் கேப்டனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு விதி. தெரிவித்தால்தானே குறிப்பார்கள்?

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1921இல் இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். 1943இல் டெஹ்ரான் மாநாட்டுக்காக 'அயோவா' என்னும் போர்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அதில் அவருக்காக லிப்டும் குளியல் தொட்டியும் அமைத்தார்கள். ஜனாதிபதி அல்லாதவர்களுக்கு? தம் நாட்டுக் கடலுக்கு வரும் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் போக்குவரத்து என்பதில் நீர்வழியைச் சேர்த்துள்ளது. ஆயினும் வசதி செய்ய வேண்டிய இடங்களாகப் பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் என்று பெயர் சொல்லும் பிரிவில் துறைமுகத்தைக் காணோம். அதையும் சேர்த்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

இறுதியாக, எங்கள் தோழியை மிகவும் கவர்ந்த 'லார்ட் நெல்சன்' என்னும் ஆங்கிலேயப் பாய்க்கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1986 முதல் 2019 வரை ஓடிய அக்கப்பலில் மாற்றுத்திறனாளிகள் பயணிகளல்லர், மாலுமிகள்! 2012 முதல் 2014 வரை உலகைச் சுற்றியபோது அது நம் கொச்சிக்கும் வந்தது. தளத்துக்குத் தளம் லிப்ட். காது கேளாதவரை எழுப்ப அதிரும் படுக்கை. பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கும்போது திசைகாட்டி ஒலியெழுப்பி வழி சொல்லும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பாய்மரத்தின் உச்சியைப் பார்க்க ஆசையா? நாற்காலியோடு கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிடுவார்கள்.