அமைச்சர் பட்டியல்: முதல்வர் விருப்பம் எதுவரை?

தேர்தல் முடிவு வந்த மறுநாளே டீக்கடைப் பேச்சு மாறிவிடும். எந்த மாவட்டத்துக்கு எத்தனை மந்திரி, எந்தச் சமூகம் விடுபட்டது, பொதுப்பணித் துறை யாருக்கு? அரசியலமைப்புச் சட்டம் இவற்றில் எதையும் கேட்பதில்லை. அது விதிப்பது வேறு சில நிபந்தனைகள். அவை மீறப்பட்டால் அமைச்சர் மீது மட்டுமல்ல, முதல்வர் மீதே வழக்குத் தொடுக்க சாதாரணக் குடிமகனுக்கு உரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது.

அடிப்படை, பிரிவு 164. முதல்வரை ஆளுநர் நியமிக்கிறார். மற்ற அமைச்சர்களை முதல்வரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். ‘ஆளுநர் விரும்பும் வரை’ அமைச்சர்கள் பதவியில் இருப்பார்கள் என்று அதே பிரிவு சொல்வதால்தான் குழப்பம். 2023 ஜூனில், கைதாகியிருந்த அமைச்சர் செந்தில்பாலாஜியை நீக்குவதாக அறிவித்த தமிழக ஆளுநர், அன்றிரவே அந்த உத்தரவை நிறுத்தி வைத்தார். செந்தில்பாலாஜி இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்வதை எதிர்த்த மேல்முறையீட்டை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பது முதல்வரின் முடிவு. அதற்கான பழியும் அவருடையதே.

ஆனால் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்க முடியாது. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் 93 பேரை அமைச்சராக்கினார். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்ட இத்தகைய கூத்துக்கு 2003இல் 91ஆவது திருத்தம் முட்டுக்கட்டை போட்டது. சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 12க்குக் குறையவும் கூடாது. 234 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டில் முதல்வரையும் சேர்த்து 35 பேர்தான் உச்சம். கட்சித் தாவலால் தகுதியிழந்தவர், மீண்டும் தேர்தலில் வெல்லும் வரையோ அந்த உறுப்பினர் பதவிக்காலம் முடியும் வரையோ அமைச்சராக முடியாது என்பதும் அதே திருத்தம்தான்.

வேலி போட்டால் சந்து தேடுவார்கள். அமைச்சர் என்ற பெயரில்லாமல் ‘நாடாளுமன்றச் செயலாளர்’ என்று எம்.எல்.ஏ.க்களுக்குப் பதவி கொடுத்த மாநிலங்கள் பல. அஸ்ஸாமின் அத்தகைய சட்டத்தை 2017இல் உச்ச நீதிமன்றமும், இமாச்சலப் பிரதேசத்தின் சட்டத்தை 2024 நவம்பரில் அம்மாநில உயர் நீதிமன்றமும் ரத்து செய்தன. குறைந்தது 12 பேர் என்ற விதியிலோ பெரிய ஓட்டை இருக்கிறது: எத்தனை நாளுக்குள் என்று சட்டம் சொல்லவில்லை. 2019இல் கர்நாடகத்தில் எடியூரப்பா மூன்று வாரங்களுக்கு மேல் தனியாளாகவே அமைச்சரவையாக இருந்தார். 2022இல் மகாராஷ்டிரத்தை ஒரு மாதத்துக்கு மேல் இருவர் நடத்தினார்கள். கூட்டுப் பொறுப்பு என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

சட்டமன்றத்துக்குத் தேர்வாகாதவரும் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்கு மட்டும். பஞ்சாபில் தேஜ் பிரகாஷ் சிங் அந்த ஆறு மாதம் முடியும் நேரத்தில் விலகி, தேர்தலில் நிற்காமலே அதே சட்டமன்றக் காலத்தில் மறுபடி அமைச்சரானார். அது செல்லாது என்று 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டு வழக்கு. தண்டனை பெற்றுத் தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதிருந்த ஜெயலலிதாவை ஆறு மாதச் சலுகையைக் காட்டி முதல்வராக்கியது செல்லாது என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. பிறகு மேல்முறையீட்டில் விடுதலையாகி, இடைத்தேர்தலில் வென்று அவர் திரும்பி வந்தது தனிக்கதை.

அந்த வழக்கின் ஆயுதம் ‘கோ வாரண்டோ’, அதாவது தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை. ‘எந்தச் சட்டப்படி இந்தப் பதவியில் இருக்கிறீர்கள்?’ என்று நீதிமன்றம் கேட்கும். பிரிவு 226இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் இதைத் தொடுக்க, மனுதாரருக்குச் சொந்த பாதிப்பு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அமைச்சரின் பேச்சு பிடிக்கவில்லை, நடத்தை சரியில்லை என்று போனால் நிற்காது. சனாதனம் குறித்த பேச்சுக்காக உதயநிதி ஸ்டாலின், சேகர்பாபு ஆகிய அமைச்சர்கள் மீது வந்த இத்தகைய மனுக்களில், 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் பேச்சைக் கண்டித்தது, பதவியில் தலையிடவில்லை. சட்டம் வரையறுத்த தகுதிக்குறைவு இருக்க வேண்டும்.

குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது அத்தகைய குறைவு ஆகாது. 2014இல் உச்ச நீதிமன்றம் அத்தகையவர்களைச் சேர்க்காதிருப்பதை முதல்வரின் மனசாட்சிக்கு விட்டுவிட்டது. என் கணிப்பில் இதுதான் இன்றுள்ள பெரிய இடைவெளி. தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பதவி போகும் என்ற 130ஆவது திருத்த மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. தீர்ப்புக்கு முன்பே பதவி பறிப்பதை, எதிர்க்கட்சி ஆளும் மாநிலங்களைக் கவிழ்க்கும் வழி என்று பலர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

ஊழல் புகார் என்றால் லோக் ஆயுக்தா இருக்கிறது. தமிழ்நாட்டின் 2018 சட்டம் முதல்வரையும் உள்ளடக்கியது. அமைச்சரவைக் கோப்புகள் எல்லாமே ரகசியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8(1)(ஐ) பிரிவின்படி, முடிவெடுத்து விவகாரம் நிறைவடைந்தபின், அந்த முடிவையும் காரணங்களையும் அடிப்படை ஆவணங்களையும் வெளியிட வேண்டும், சட்டத்தின் பிற விலக்குகளுக்கு உட்பட்டு. உங்கள் ஊரைத் தொட்ட அமைச்சரவை முடிவு ஏதாவது இருந்தால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் அவர் பதில் தந்தாக வேண்டும்.