ஏறுவதற்கு மேப் போட்டாச்சு, இறங்குவதற்கு?

திருமலைக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மலை ஏறக் குறைந்தது 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று தேவஸ்தானம் வரையறுத்திருக்கிறது. அடிவாரத்தில் உள்ள அலிபிரியில் நேரம் பதிவாகும்; குறித்த நேரத்துக்கு முன்னால் போய் நின்றால் கேள்வி வரும். சுமார் 19 கிலோமீட்டர் தூரத்தை 28 நிமிடத்தில் கடக்க, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமே போதும். இன்றைக்குச் சந்தையில் இருக்கும் எந்த ஏழு இருக்கை டீசல் எஸ்யுவியும் ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு இதை அலுங்காமல் செய்துவிடும்.

ஆனாலும் "மலையில வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சொல்லி, குடும்ப வண்டிக்கு ரீமேப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காணிப்பாக்கம் விநாயகர் கோயிலில் பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காய்வதற்குள் ரீமேப் போடக் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு.

ரீமேப் என்றால் என்ன? டர்போ டீசல் இன்ஜினில் எவ்வளவு டீசல் பாய வேண்டும், எந்த நொடியில் பாய வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஈசியு என்ற சிறு கணினி தீர்மானிக்கிறது. அதில் இருக்கும் அட்டவணைகளைத் திருத்தி எழுதுவதுதான் ரீமேப். இன்னொரு வழி ட்யூனிங் பாக்ஸ். இது கொஞ்சம் தந்திரமானது. டீசல் குழாயில் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவே உட்கார்ந்து, "அழுத்தம் குறைவாக இருக்கிறது" என்று பொய் சொல்லும். ஈசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும், டீசல் கூடுதலாகப் பாயும், பிக்கப் கூடும். சர்வீஸுக்கு விடுவதற்கு முன் கழற்றிவிடலாம் என்பதே இதன் விற்பனைத் தந்திரம்.

இவற்றால் சக்தி உண்மையிலேயே கூடுகிறது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. நிறுவனங்களே ஒரே இன்ஜினை இரண்டு அளவில் விற்கின்றன. மகிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டியின் 2.2 லிட்டர் டீசல், விலை குறைந்த வகைகளில் 132 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. மேல் வகைகளில் அது 175 குதிரைத்திறன். மேனுவல் கியரில் டார்க் 370. அப்படியானால் நாமும் ஏன் கூட்டக்கூடாது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நிறுவனம் அந்த 370-ஐ விற்கும்போது கிளட்ச், கியர்பாக்ஸ், குளிரூட்டல் எல்லாம் அதைத் தாங்குமா என்று சோதித்துப் பார்த்து வாரன்டியும் கொடுக்கிறது. திருப்பதிக்குக் கிழக்கே ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இயங்கும் இசுசூ ஆலையின் வி-கிராஸ் இதற்கு நல்ல உதாரணம். முதலில் 2.5 லிட்டர் இன்ஜினில் 134 குதிரைத்திறன் தந்த வண்டி, இப்போது 1.9 லிட்டரில் 163 தருகிறது. அட்டவணையைத் திருத்தி வந்ததல்ல அது, இன்ஜினையே மாற்றினார்கள்.

கூடுதல் டார்க் எங்கே தெரியும்? சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ஆறு வழிச் சாலையில் லாரியை முந்தும்போது தெரியும். அங்கேயும் நடுத்தடுப்புள்ள நெடுஞ்சாலையில் கார்களுக்கு 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் 100 தான். மொகிலி கணவாயில், பலமநேர் பக்கம் ஏறும்போதும் ஒரு கியர் குறைவாகப் போட்டால் கிடைக்கிற அதே இழுவையை, கியர் மாற்றாமல் பெறலாம். இந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுப்பது கிளட்ச் பிளேட். ஏழு பேர் எடையோடு, ஏற்றத்தில், நெரிசலில், அரை கிளட்சில் நிற்கும் வண்டிக்கு அது முதலில் கருகும்.

என் பார்வையில், இந்தப் பக்கத்துச் சாலைகளில் உண்மையான பிரச்சினை ஏற்றமே அல்ல.

திருமலைக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர். ஆட்களோடு சேர்த்து வண்டி இரண்டேகால் டன் என்று வைத்துக்கொண்டால், இறங்கும்போது அது இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் கழியும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். "எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு" என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொன்னதன் கணக்கு இதுதான். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறும், பேட் பிடியை இழக்கும், கருகல் வாடை வரும். அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயில் கொதிக்கும். புதிய டாட்-4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்குத் தரநிர்ணயம் ஏற்கும் அளவு 155 டிகிரிதான். குழாயில் ஆவிக் குமிழ் வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

ரீமேப் இதில் எதையும் மாற்றுவதில்லை. பிரேக் அதே பிரேக். வண்டி விறுவிறுவென்று போகப் பழகிய கால், இறக்கத்திலும் அப்படியே இருக்கும். வேகம் 40-இலிருந்து 60 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு.

பெரிய டயர் போடுவது இதைவிட மோசம், யாரும் கவனிப்பதில்லை. 235/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 245/70 ஆர்17 போட்டால் விட்டம் 5 சதவீதம் கூடுகிறது. பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் பிரேக்கின் பிடியும் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் விசையும் சாலையில் அதே அளவு குறையும். ஸ்பீடோமீட்டரும் வேகத்தைக் குறைத்தே காட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சாலையில் பிடிபடுவது அரிது. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். இருக்கிறது. கூடுதல் டீசல் கூடுதல் கரி. டி.பி.எஃப். சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி எறிவதும் ரீமேப் "பேக்கேஜில்" சேர்ந்தே வருகிறது. மாசு விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாத ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் வரலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லாமல் இருந்தால், விபத்துக்குப் பின் அது தனிக்கதை.

காசு செலவழித்தே தீர வேண்டும் என்றால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில், நல்ல பேட், நிறுவனம் சொன்ன அளவிலேயே தரமான டயர். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ பிடித்து வைக்கும் வசதி உண்டு. இறக்கத்தில் அதைப் பயன்படுத்தச் செலவே இல்லை.

பழைய மேனுவல் வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ட்யூனிங் பாக்ஸைக் கழற்றிவிட்டுத்தான் விற்பார்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி, வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தும் அப்படி என்றால், காரணத்தைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.