உங்களுக்குத் தெரியுமா? ஓரப் பத்தி விளம்பரத்தின் அளவு

இணையப் பக்கத்தின் ஓரப் பத்தியில் எந்த விளம்பரம் அடங்கும் என்பதை முடிவு செய்வது பத்தியின் அகலமே. அளவுகள் பிக்சலில் குறிக்கப்படும். முதல் எண் அகலம், அடுத்தது உயரம். ஒல்லியான பத்திக்கு 160 × 600 பொருந்தும். வானளாவிய கட்டடத்தின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். பத்தி 300 பிக்சல் அகலமிருந்தால் 300 × 250 செவ்வகம் கைகொடுக்கும். 320 பிக்சல் அகலக் கைபேசித் திரையிலும் அது அடங்கிவிடும். 300 × 600 அளவுக்குப் பெயர் ‘அரைப்பக்கம்’. நாளிதழின் அரைப்பக்கத்தை நினைத்தால் பெயர் சற்று மிகைதான். ஆனாலும் பரப்பில் செவ்வகத்தைப் போல 2.4 மடங்கு. பக்கத்தை உருட்டும்போது நெட்டை விளம்பரம் கூடுதல் நேரம் கண்ணில் நிற்கும். கைபேசியிலோ ஓரப் பத்தி பெரும்பாலும் கட்டுரைக்குக் கீழே இறங்கிவிடும். பாதியில் வெளியேறுபவர் அதைப் பார்ப்பதே இல்லை.