அயலாரிடம் செல்லும் வழி

ஓர் இளைஞர் பத்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடிக்கிறார். கடன் பட்டு, நண்பர்களின் துணை பெற்று, பல இரவு உறக்கம் துறந்து எடுத்த படம். அதை அவர் யாருக்குக் காட்டுவார்? பத்து நிமிடப் படத்திற்கென எந்தத் திரையரங்கும் நுழைவுச்சீட்டு விற்பதில்லை. இன்று கைப்பேசி வழியே உலகெங்கும் அனுப்பிவிடலாம் என்பது உண்மையே. ஆயினும், தனியே பார்ப்பவர் தனியே மறந்தும் விடுகிறார். குறும்படக் கலைஞருக்குப் பணமும் கருவியும் தேவை. அவற்றோடு உடனிருந்து பார்ப்பவரும், உடன் உழைப்பவரும் தேவை. இவ்வுண்மையை ஜெர்மனியின் ஓபர்ஹௌசன் நகர வரலாற்றில் நாம் தெளிவாகக் காண்கிறோம்.

சுரங்க நகரில் ஒரு விழா

ஓபர்ஹௌசன், ரூர் தொழிற்பகுதியைச் சேர்ந்த நகர். அப்பகுதியின் முதல் இரும்பாலை 1758-இல் எழுந்தது இன்றைய இந்நகரின் எல்லைக்குள்தான். நிலக்கரியும் எஃகுமே நெடுங்காலம் அதற்குச் சோறிட்டன. இரண்டாம் உலகப் போரின் அழிவிலிருந்து நாடு மெல்ல நிமிர்ந்து கொண்டிருந்த 1954-ஆம் ஆண்டில், அந்நகரின் மக்கள் கல்வி நிலையத்தை நடத்திவந்த ஹில்மார் ஹோஃப்மன் அங்கே குறும்பட விழாவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. படங்கள் வாயிலாக மக்களுக்குக் கல்வி புகட்டுவதே முதல் நோக்கம். சில ஆண்டுகளில் அவ்விழா தனக்கெனப் புதியதொரு குறிக்கோளுரையை ஏற்றது. ‘அயலாரிடம் செல்லும் வழி’ என்பதே அது.

அன்று ஐரோப்பா இரு முகாம்களாகப் பிளவுண்டு கிடந்தது. எல்லைகளில் முள்வேலி, உள்ளங்களில் ஐயம். அந்நிலையில் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளின் குறும்படங்களை மேற்கு ஜெர்மானிய மக்கள் இச்சுரங்க நகரில் கண்டனர். பகைவர் எனக் கேள்வியுற்றவர்களின் வீடும் தெருவும் குழந்தைகளும் திரையில் தோன்றியபோது, அவர்களும் நம்மைப் போன்றவரே என்னும் எண்ணம் பிறவாதிருக்குமா?

இருபத்தாறு கையொப்பங்கள்

விழாவினால் விளைந்த மற்றொரு நன்மை, தனித்தனியே உழைத்த இளங்கலைஞர்கள் ஒருவரையொருவர் அறிந்தது. அக்கால ஜெர்மானிய வணிகப் படங்கள் பெரும்பாலும் மலைச்சாரல் காதலையும் இன்னிசையையும் காட்டி மக்களை மகிழ்வித்தன. அண்மைக்காலக் கொடுமைகளைப் பற்றி வாய் திறக்கத் தயங்கின. 1961-இல் அலெக்சாண்டர் குளூகேயும் பீட்டர் ஷமோனியும் எடுத்த குறும்படம் ஒன்று இவ்விழாவில் திரையிடப்பட்டது. நூரெம்பர்க் நகரில் நாத்சிக் கட்சி பேரணிகளுக்கென எழுப்பிய கற்கட்டடங்களையே அது காட்டியது. ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களில் அக்கற்கள் பழைய கொடுமைக்குச் சாட்சி பகர்ந்தன.

அடுத்த ஆண்டு, 1962 பிப்ரவரி 28 அன்று, 26 பேர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று அதே விழாவில் வெளியிடப்பட்டது. பழைய திரைப்பட முறை மாண்டுவிட்டது. வணிகத்தின் கட்டுகளினின்று விடுபட்ட புதிய படங்களைப் படைக்க நாங்கள் அணியமாயிருக்கிறோம் என்பது அதன் சாரம். குறும்படங்கள் எடுத்துப் பெற்ற பயிற்சியையும் அயல்நாட்டு விழாக்களில் பெற்ற பரிசுகளையுமே அவர்கள் தங்கள் தகுதியாகக் காட்டினர். அன்று பலர் நகைத்தனர். ஆயினும் 1965-இல் இளம் இயக்குநர்களின் முதற்படங்களுக்கு நிதியுதவி அளிக்கும் அமைப்பு உருவாயிற்று. 1966-இல் குளூகேயின் முதல் முழுநீளப் படம் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. தனி ஒருவர் கேட்டிருந்தால் திறவாத கதவு, இருபத்தாறு பேர் சேர்ந்து தட்டியபோது திறந்தது.

மேசையில் இடமில்லாதவர்கள்

எனினும் ஒன்றை நாம் மறைத்தல் தகாது. கையொப்பமிட்ட 26 பேரும் ஆண்களே. அயலாரைத் தேடிச் சென்ற விழாவிலும் அருகிலிருந்த பெண் கலைஞர்களுக்கு அவ்வறிக்கையில் இடம் கிட்டவில்லை. பின்னர் அவர்கள் தாங்களே கூடினர். 1973-இல் ஹெல்கே சாண்டரும் கிளாடியா ஃபோன் அலெமனும் பெர்லினில் பெண்களின் படங்களுக்கென ஒரு கருத்தரங்கைக் கூட்டினர். படங்களைக் கண்டனர், உழைப்பு, கூலி, குழந்தை வளர்ப்பு குறித்து உரையாடினர். மறு ஆண்டே பெண்களும் திரைப்படமும் பற்றிய இதழ் ஒன்றை சாண்டர் தொடங்கினார். கூடிப் பார்ப்பதும் கூடிப் பேசுவதும் மீண்டும் ஒருமுறை பலன் தந்தன. நட்பு வட்டம் எத்துணை நல்லதாயினும், அது மூடிக்கொண்டால் வெளியே நிற்பவர்க்கு மதிலாகிவிடும் என்னும் எச்சரிக்கையும் இதில் அடங்கியுள்ளது.

சுரங்கங்கள் மூடிய பின்னும்

ஓபர்ஹௌசனின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. விழாவோ நின்றுவிடவில்லை. குழந்தைகளுக்கும் இளைஞர்க்கும் உரிய படங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அவற்றுக்குப் பரிசளிக்கச் சிறுவர்களே நடுவராய் அமர்கின்றனர். திருச்சபைகள் இணைந்து அமைக்கும் ஒன்றிப்பு நடுவர் குழுவும் இங்குப் பரிசு வழங்கியுள்ளது. விழாவின் நடைமுறை மிக எளியது. சில குறும்படங்களை ஒருங்கே காட்டுவர். விளக்கு எரிந்தபின் படைத்தவரோடு பார்வையாளர் உரையாடுவர். அடுத்த படத்திற்கு ஒளிப்பதிவாளர் ஒருவரை, இசையமைப்பாளர் ஒருவரை அங்கேயே கண்டுகொள்வோர் உண்டு.

நம் இல்லங்களிலும் படம் எடுக்க விழையும் பிள்ளைகள் இருக்கலாம். “இதனால் என்ன வருமானம்?” என்னும் வினா பெற்றோர் உள்ளத்தில் எழுவது இயல்பே, அவ்வினாவை நாம் குறை கூறவில்லை. அதனோடு இன்னொரு வினாவையும் கேட்போம்: “உன் படத்தை யாரோடு சேர்ந்து பார்த்தாய்? அவர்கள் என்ன சொன்னார்கள்?” ஒரு கூடம், ஒரு வெண்திரை, படம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடாத இருபது பேர் போதும். பாராட்டோடு குறையையும் அன்பாய்ச் சொல்ல அவர்கள் முன்வந்தால், அப்பிள்ளையின் இரண்டாம் படம் முதற்படத்தினும் சிறக்கும்.