வெடிமருந்தும் நிலச்சிக்கனமும்: சிங்கப்பூர்த் தற்காப்பு ஆய்வு குறித்த ஒரு நோக்கு

தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலைக்கு வரும் தமிழக விருந்தினர் பலரும் பட்டாசுக் கடை எங்கே என்று நம்மை வினவுவர். கம்பி மத்தாப்பைக் காட்டுவதோடு நம் விடை முடிந்துவிடும். மக்கள் நெருங்கி வாழும் இத்தீவில் 1972ஆம் ஆண்டிலேயே பட்டாசு தடைசெய்யப்பட்டது. சிங்கப்பூரின் தற்காப்பு ஆய்வு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தெருவினின்று வெடியை அகற்றிய நாடு, தன் பாதுகாப்பிற்கென வெடிமருந்தை எவ்வாறு பேணுகிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழில் மருந்து என்பது நோய் தீர்ப்பதை மட்டும் குறிப்பதன்று. பூச்சிமருந்து, வெடிமருந்து என வேறு கலவைகளையும் குறிக்கும். சீனமொழியில் வெடிமருந்து 'ஹுவோ யாவ்', அதாவது நெருப்பு மருந்து எனப்படுகிறது. மலாயில் அது 'உபாட் பெடில்'. 'உபாட்' என்பதற்கு மருந்து என்பதே பொருள். 'பெடில்' தமிழ் 'வெடி'யின் வழிவந்தது என்பர் அறிஞர். ஆக, இத்தீவின் மும்மொழிகளும் இதனை மருந்தென்றே வழங்குகின்றன. மருந்தெனில் ஆற்றலோடு கட்டுப்பாடும் வேண்டும். அக்கட்டுப்பாட்டையே இன்றைய ஆய்வும் நாடுகிறது.

ஆற்றலும் அடக்கமும்

கரிமருந்து விரைந்து எரியும் தன்மையது. உயர் வெடிபொருள்களிலோ வேதிமாற்றம் ஒலியினும் மிக விரைவான அதிர்வலையாகப் பரவுகிறது. ஆற்றல் பெருகப் பெருக, சிறு அதிர்ச்சிக்கும் வெடிக்கும் இயல்பும் பெரும்பாலும் உடன் பெருகும். ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட்டைப் படைத்தபோது, நைட்ரோகிளிசரினின் ஆற்றலைக் கூட்டவில்லை. அதனை ஒருவகை மண்ணில் ஊறவைத்து அடக்கினார். சரியாக நூறாண்டுகள் கழித்து, 1967இல், ஃபாரஸ்டல் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் மூண்ட தீயில் குண்டுகள் சூடேறி வெடிக்க, 134 பேர் மாண்டனர். தீயிலும் அதிர்ச்சியிலும் எளிதில் வெடிக்காத மருந்தைத் தேடும் முயற்சிக்கு இத்தகைய விபத்துகள் பெருந்தூண்டுதலாயின. 1980களில் அமெரிக்காவில் உருவான சி.எல்.-20 மிக்க ஆற்றலுடையது. புனேயிலுள்ள உயர் ஆற்றல் பொருள்கள் ஆய்வகமும் அதனைத் தயாரித்துள்ளது. எனினும், விலையும் எளிதில் தூண்டப்படும் இயல்பும் அதன் பரவலான பயன்பாட்டிற்குத் தடையாக உள்ளன.

சிங்கப்பூரின் வழி

துப்பாக்கி ரவைகளை உள்நாட்டிலேயே உருவாக்க 1967இல் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவப்பட்டது. 1972இல் டாக்டர் கோ கெங் சுவீயின் முனைப்பால் மின்னணுச் சோதனை நிலையம் தோன்றியது. அதன் முதற்பணி மின்னணுப் போர்முறை பற்றியதே, வெடிமருந்து அன்று. அந்நிலையம் 1977இல் தற்காப்பு அறிவியல் அமைப்பாகவும், 1997இல் டி.எஸ்.ஓ. தேசிய ஆய்வுக்கூடங்களாகவும் வளர்ந்தது.

இத்தீவில் வெடிமருந்து எழுப்பும் முதன்மையான வினா இடம் பற்றியது. ஒரு கிடங்கு வெடித்தால் அருகிலுள்ள மற்றொன்றும் வெடிக்கக்கூடும், குடியிருப்புகளும் சேதமுறும். ஆகவே, கிடங்கைச் சுற்றி வெற்றிடம் விடப்படுகிறது. பொதுவிதிப்படி, வெடிமருந்து எட்டு மடங்கானால் பாதுகாப்புத் தொலைவு இரு மடங்காகும். அதனால் ஒதுக்கவேண்டிய நிலப்பரப்போ நான்கு மடங்காகிவிடும். சிறுநாட்டிற்கு இது தாங்கவொண்ணாச் செலவு.

இதற்கு விடையாக அமைந்ததே மண்டாய்ப் பகுதியில், பழைய கல்லுடைப்புத்தளத்தின் கருங்கற் பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டு, 2008இல் திறக்கப்பட்ட நிலத்தடி வெடிமருந்துக் கிடங்கு. நிலத்தின்மேல் அமையும் கிடங்கினும் 90 விழுக்காடு குறைந்த நிலமே இதற்குத் தேவைப்படுகிறது. இதனால் சுமார் 300 ஹெக்டர் நிலம் பிற பயன்களுக்குக் கிடைத்தது. வடிவமைப்பின் பாதுகாப்பைச் சோதிக்கத் தேவையான பெரிய வெடிப்புச் சோதனைகளை நடத்த இங்கு இடமில்லை. அவை ஸ்வீடனில் நடத்தப்பட்டன.

முடிவுரை

வல்லரசுகள் வெடிமருந்தின் வலிமையைத் தேடிய காலத்தில், சிங்கப்பூர் அதனை அண்டைவீட்டார்க்குத் தீங்கின்றி வைக்கும் வழியைத் தேடியது. இதுவும் தற்காப்பு ஆய்வின் ஒரு முதன்மைக் கூறே. இப்பொருளை வகுப்பறையில் விளக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் 'இன்சென்சிடிவ்' எனப்படும் வெடிமருந்தை 'உணர்ச்சியற்றது' எனப் பெயர்த்தால் மாணவர் பொருள் மயங்குவர். 'எளிதில் தூண்டப்படாதது' என்பதே அறிவியலுக்குப் பொருந்தும். மருந்து என்று நம் முன்னோர் இட்ட பெயரும் அப்போது பொருள் விளங்கி நிற்கும்.