தீயை எதிர்ப்போர்

தீ மனிதனுக்கு உற்ற தோழன்; காவல் தவறினால் கொடும் பகைவன். அப்பகையை எதிர்த்து நிற்பவரே தீயணைப்புப் படையினர்.

எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தீ வாழாது. அவற்றுள் ஒன்றை நீக்குவதே இத்தொழிலின் அடிப்படை. கள்ளக்குறிச்சி நகரில் கூரை வீடு பற்றிக்கொண்டால், நீரைப் பாய்ச்சி வெப்பத்தைத் தணிப்பர். கல்வராயன் மலைச் சரிவிலோ வண்டி ஏறாத இடங்கள் பல. கோடையில் அங்கு எழும் தீ, மேலேயுள்ள சருகை முன்னரே உலர்த்திக்கொண்டு விரைந்தேறும். ஆதலின் சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வகுத்தும், பச்சைத் தழைகளால் அடித்துக் காற்றைத் தடுத்தும் அதனை அடக்குவர். கிணற்றில் விழுந்த மாட்டை மீட்பதும் இப்படையினரின் பணியே.

கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் தீயைக் காண்பதில்லை. 101 என்னும் எண்ணில் வரும் குரலையே கேட்கின்றனர். எந்த ஊர், எது எரிகிறது, உள்ளே எவரேனும் சிக்கினரா என வினவி, உடனே வண்டியை ஏவுவர். பதற்றத்தில் ஊர்ப்பெயரைக் கூறாமல் பேச்சை முடித்தால், வண்டி வழி தேடி அலையும். விளையாட்டாகச் சொல்லும் பொய்ச் செய்தியோ, வேறிடத்தில் துடிக்கும் உயிர்க்குரிய நேரத்தைக் களவாடும்.

1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் எரிந்து வெடித்தபோது, தீயணைப்போர் பலர் உயிர் நீத்தனர். அந்நாளே ஆண்டுதோறும் தீயணைப்புப் பணி நாளாகப் போற்றப்படுகிறது. விழிப்புடன் வாழ்தலும், இடர் நேரின் இடத்தைத் தெளிவாக உரைத்தலுமே அவர்க்கு ஏற்ற கைம்மாறாகும்.