ஒரே பெண், பல களங்கள்: தீபா மாலிக் காட்டும் வழி

மணப்பாறையில் உங்கள் தெருவிலோ வீட்டிலோ, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண் இருக்கலாம். "இனிமே அவளால என்ன பண்ண முடியும்?" என்று யாராவது அவர் காதுபடச் சொல்லியும் இருக்கலாம். அப்படிக் கேட்பவருக்குப் பதில் சொல்ல தீபா மாலிக்கின் கதை உதவும்.

1970-இல் ஹரியானாவில் பிறந்தவர் தீபா. 1999-இல் முதுகுத்தண்டில் வந்த கட்டியால் மார்புக்குக் கீழே உணர்விழந்தார். அப்போது அவர் இரண்டு பெண் குழந்தைகளின் தாய். விளையாட்டுக் களத்துக்கு வந்ததோ 36 வயதில். முதலில் நீச்சல்: 2006-இல் கோலாலம்பூரில் நடந்த சர்வதேசப் போட்டியில் இந்தியாவுக்காக நீந்தினார். 2008-இல் யமுனை ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினார். பிறகு ஈட்டி எறிதல்: ஆசிய பாரா விளையாட்டில் 2010-இல் வெண்கலம், 2014-இல் வெள்ளி. இடையில், கைகளால் இயக்கும்படி மாற்றியமைத்த வாகனத்தில் இமயமலைக் கார் பந்தயத்திலும் கலந்துகொண்டார்.

2016, ரியோ பாராலிம்பிக். குண்டு எறிதலில் 4.61 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். தங்கத்துக்கும் அவருக்கும் இடைவெளி வெறும் 15 சென்டிமீட்டர்! பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அதே ரியோவில்தான் நம்ம சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். 2019-இல் தீபாவுக்கு கேல் ரத்னா விருது கிடைத்தது.

ஒருவர் எப்படிப் பல விளையாட்டு ஆட முடிகிறது?

பாரா விளையாட்டில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி வகைப்பாடு உண்டு. உடலின் எந்தப் பகுதி எவ்வளவு இயங்குகிறது என்பதைப் பயிற்சி பெற்ற குழுவினர் பரிசோதித்து வகையை முடிவு செய்வார்கள். எறிதல் போட்டியில் தீபாவின் வகை 'எஃப்53'. நீச்சலுக்கு வேறு எழுத்து, வேறு எண். ஆகவே ஒரு விளையாட்டு சரிவரவில்லை என்றால் இன்னொன்றில் புதிதாகத் தொடங்கலாம்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மருத்துவச் சான்றில் உள்ள 'சதவீதம்' வேறு, விளையாட்டு வகைப்பாடு வேறு. முதலாவது அரசு உதவிகளுக்கு, இரண்டாவது போட்டிக்கு. சதவீதத்தைப் பார்த்துவிட்டு "நமக்கு இடம் இல்லை" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தனித்துவ அடையாள அட்டை இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் கைபேசியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை தயாராக இருக்கட்டும். கட்டணம் கிடையாது. பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் செல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் திருச்சியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

2. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அறிவிப்பு வந்ததும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

3. கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் உடனே படம் எடுத்துச் சேமித்து வையுங்கள். அசலைப் பத்திரமாக வையுங்கள். உதவித்தொகைக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

4. வாகனத்தை உங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தால், அதைப் பதிவுச் சான்றில் சேர்க்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுங்கள்.

"வயசாயிடுச்சே" என்று தயங்குகிறீர்களா? ரியோவில் பதக்கம் வாங்கியபோது தீபாவுக்கு வயது 45. இன்றைக்கு விண்ணப்பத்தைத் திறந்து பெயரை நிரப்புங்கள். எந்தக் களம் என்பதை மெதுவாகத் தேர்வு செய்துகொள்ளலாம்.